தூக்காதீங்க மாமா

கார்டைக் காட்டுங்க சார் முதல்ல. தப்பா நினைச்சுக்காதீங்க. இன்சூரன்ஸ் சர்வேயர்னு சொல்லிக்கிட்டு யார் வேணாலும் வரலாமுங்க. போன மாசம் கரண்ட் ஆபீஸ்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் வந்தான். மீட்டர் பாக்கோணும்னான், சிரிச்ச மூஞ்சியா. கரண்ட் ஆபீஸ்காரன் எந்தக் காலத்துல சிரிச்சுக்கிட்டு வந்திருக்கான், அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெரட்டி உட்டேன். அப்பறம் விசாரிச்சா நெசமாவே கரண்ட் ஆபீஸ்காரந்தான். அதை உடுங்க, இன்னைக்கு ஜாக்கிரதையா இருக்கறது ஒண்ணும் தப்பில்லீங்க.

ம். போட்டோ உங்களுதுதான். இதுல மீசை இருக்குது. மீசையை எப்ப எடுத்தீங்க? சரி சரி, சும்மா கேட்டேன். உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, இப்படி வந்து உக்காருங்க. அங்க உக்காந்தா வாசல் தெரியும், உங்க கவனம் அங்க போயிரும். வரும்போதே பாத்திருப்பீங்களே, கேட்டுக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை, மடியில மஞ்சப்பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு. அதுதான் சார் முத்துப்பேச்சி. என்கிட்ட ஸ்டோர் பாத்துக்கிட்டிருந்த பொம்பளை. காலையில இருந்து உக்காந்திருக்குது. நீங்க இன்னைக்கு வர்றது அதுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் சொல்லலை. என்ற மச்சினன் சொல்லியிருக்க மாட்டான். எனக்கு வாட்ச்மேன் மேல ஒரு சந்தேகம் இருக்குது. அதையும் ஒரு ஓரமா எழுதி வெச்சுக்குங்க.

அந்தப் பைக்குள்ள என்ன இருக்குதுன்னு ரெண்டு தடவை ஆளனுப்பிக் கேட்டுட்டேன். சொல்ல மாட்டேங்குது. சர்வேயர் சார்கிட்டதான் காட்டுவேங்குது. உள்ள உட வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பாதீங்க.

என்ற பேர் நாச்சிமுத்து. அண்ணமார் ஃபயர் சர்வீஸ். வெளிய போர்டு பாத்திருப்பீங்க, செவப்புல மஞ்ச எழுத்து. திருப்பூர்ல பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, கல்யாண மண்டபம், எல்லாத்துக்கும் தீயணைக்கற சாமான் மாட்டறது, வருஷா வருஷம் காஸ் ரொப்பித் தர்றது, இதுதான் நம்ம சோலி. மாட்டறதுல பெருசா ஒண்ணும் நிக்காதுங்க, ரொப்பறதுலதான் பொழப்பு. இந்தத் தொழில்ல ஒரு விசேஷம் என்னன்னா, நாம குடுக்கற சாமானை ஒருத்தனும் உபயோகப்படுத்தற மாதிரி ஆயிரக் கூடாதுன்னு சாமி கும்பிட்டுக்கோணும். அது பாட்டுக்குச் செவுத்துல தொங்கும். வெளிநாட்டுக்காரன் ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னால ஆளனுப்பி ஆடிட் பண்ணுவான். அவனும் ஸ்டிக்கர்ல இருக்கற தேதியைத்தான் பாப்பான். உள்ள காஸ் இருக்குதா வெறும் இரும்பான்னு வெளிய இருந்து பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது.

சி.ஓ.டூ சிலிண்டர் இருக்குது பாருங்க, கரண்ட் தீக்கு அடிக்கறது, கறுப்பா ஒரு கொம்பு வெச்சிருக்குமே, அதுல காஸ் எவ்வளவுன்னு காட்டற முள்ளு கூடக் கிடையாது. தூக்கிப் பாத்தாத்தான் உண்டு. இரும்புக்கு ஒரு கனம் இருக்குது, காஸுக்கு ஒரு கனம் இருக்குது. ரொப்புன சிலிண்டரைத் தூக்குனா அடியில இருந்து ஒரு இழுப்பு இழுக்கும். லேசா ஆட்டுனா உள்ள தண்ணி மாதிரி தளும்பறது கைக்குத் தெரியும். தராசே வேண்டாமுங்க எனக்கு. இந்தக் கை ஏமாந்ததே கிடையாது. கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கி இது ரொப்புனது, இது காலின்னு சொல்லுவேன். கோயமுத்தூர்ல ஒரு பெரிய கம்பெனிக்காரன் என்கிட்டப் பந்தயம் கட்டித் தோத்தான்.

அதாவது, தூக்கிக்கிட்டு இருந்த காலத்துல. இப்பத் தூக்கறதில்லை. இடுப்பு போயிருச்சுங்க. டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னுட்டாரு. அவர் சொன்னது கூட நான் கேட்டிருக்க மாட்டேன், என்ற மச்சினன் உட மாட்டேன்னுட்டான். நான் சிலிண்டர்கிட்டப் போய்க் குனிஞ்சாப் போதும், எங்கிருந்தாலும் ஓடியாந்துருவான். நீங்க தூக்காதீங்க மாமா, நீங்க தூக்காதீங்க மாமான்னு கையில இருந்து புடுங்கிக்குவான். பெத்த மகன் கூட இப்படிப் பாத்துக்க மாட்டானுங்க.

சரி, நடந்ததைச் சொல்றேன்.

காங்கயம் ரோட்டுல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. நம்ம பழைய பார்ட்டி. அங்க கரண்ட் போர்டுல தீப் புடிச்சுப் போச்சு. சின்னத் தீதான், ஆரம்பத்துல. எலக்ட்ரீசியன் ஒரு பையன், கிருபாகரன்னு பேரு, பயப்படாம ஓடிப் போய் நம்ம சிலிண்டரை எடுத்திருக்கான். கைப்புடியில மாட்டியிருக்கற பின்னைப் புடுங்கி அமுக்கியிருக்கான். புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒண்ணும் வரலை. மறுபடி அமுக்கியிருக்கான். அதுக்குள்ள தீ மேல ஏறி, பக்கத்துல கெடந்த துணியில புடிச்சு, அந்தப் பையன் கையாலயே அடிச்சு அணைச்சிருக்கான். வலது கை வெந்து போச்சு. நான் ஆர்லிக்ஸு ஆரஞ்சு எல்லாம் வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்னைச் சரியா இழுத்தியா தம்பி, சில பேரு பாதி இழுத்துப்போட்டு அமுக்குவாங்கன்னு கேட்டேன். அவன் கட்டுப் போட்டிருந்த கையைத் தூக்கிக் காட்டுனான். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடலை சார்.

மக்கா நாளு காலையிலயே கம்பெனிக்காரங்க அந்த சிலிண்டரைக் கொண்டு போய் எடை போட்டிருக்காங்க. காலி. பக்கத்துல இருந்ததையும் போட்டிருக்காங்க. அதுவும் காலி. ரெண்டுலயும் நம்ம ஸ்டிக்கர், நம்ம சீலு, புதுத் தேதி. காஸே ரொப்பாம ரொப்புனேன்னு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாத்திட்டான் நாச்சிமுத்துன்னு ஊரெல்லாம் இதே பேச்சு, இதே நாயம். எந்த டீக்கடைக்குப் போனாலும் நான் போனதும் பேச்சை நிறுத்தறாங்க. யார் யார் நிறுத்துனாங்கன்னு மனசுல வெச்சிருக்கேன்.

இந்த மாதிரி வந்தா என்ன பண்றதுன்னுதான் இன்சூரன்ஸே போட்டேன். ரெண்டு பங்கு அதுல. நம்ம சாமான் வேலை செய்யாம அடுத்தவனுக்கு நட்டமானா ஒண்ணு. நம்ம ஆளே நம்ம சாமான்ல கை வெச்சா இன்னொண்ணு. முதல் பங்குல கேட்டேன். உங்க ஆபீஸ்ல என்ன சொன்னாங்க? ரொப்பாமயே ரொப்புனதா ஸ்டிக்கர் ஒட்டுனா அது விபத்து இல்லீங்க, மோசடின்னாங்க. அதாவது நான் மோசக்காரன். அப்ப ரெண்டாவது பங்குதான் மிச்சம். எனக்குத் தெரியாம என்ற ஆளுங்க திருடுனாங்கன்னு நீங்க எழுதுனீங்கன்னா நான் யோக்கியன். திருடன் இல்லைன்னு எழுதுனீங்கன்னா நாந்தான் திருடன். நல்லா இருக்குதுங்க உங்க சட்டம். ஆனா எனக்குப் பிரச்சினை இல்லை, திருடனைக் கையில வெச்சிருக்கேன். கேட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்குது.

போலீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டேன், முத்துப்பேச்சி பேரைப் போட்டு. சர்வேயர் ரிப்போர்ட் வரட்டும், வந்ததும் கூட்டிக்கிட்டுப் போயிர்றோம்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்காரு. உங்க பேனாவுலதான் இருக்குது எல்லாம். அதுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க, அது ஒரு பாவந்தான், இல்லைங்கலை. புருசன் எங்கயோ ஓடிப் போயிட்டான். எனக்கும் மனசு இருக்குதுங்க. அதுக்காக?

எப்படி அதுதான்னு சொல்றேன்னு கேக்கறீங்களா. ஒண்ணா ரெண்டா, கேளுங்க.

முதல்ல, அது நம்மூர் ஆளு இல்லை. கோயில்பட்டிப் பக்கம். பனியன் கம்பெனியில செக்கிங் வேலைக்கு வந்தது, கண்ணு வலின்னு இங்க வந்து சேந்துச்சு. என்னை அண்ணாச்சிங்கும், முதலாளின்னு ஒரு நாளும் கூப்பிட்டது கிடையாது. ரெண்டாவது, சீக்கிரம் வரும். எல்லாரும் வர்றதுக்கு முன்னாலயே வந்து ஸ்டோர் தொறந்து கூட்டிப் பெருக்கி வெச்சிருக்கும். சம்பளத்துக்கு வேலை செய்யறவ எதுக்குச் சீக்கிரம் வர்றா? சொல்லுங்க. மூணாவது, ஸ்கூட்டர் வாங்குச்சு. பழைய ஸ்கூட்டர்தான், இருந்தாலும் ஸ்கூட்டர். காசேதுன்னு கேட்டேன். தோட்டை அடகு வெச்சு வாங்கினேன் அண்ணாச்சின்னுச்சு. சீட்டைக் காட்டுன்னேன். காட்டுச்சு. சீட்டு யார் வேணாலும் அடிச்சுக்கலாமுங்க, பிரிண்டிங் பிரஸ் தெருத் தெருவா இருக்குது.

மச்சினனா? அவன் கதை வேறங்க. அவனை எதுக்கு இதுல இழுக்கறீங்க. சரி, கேட்டதுக்குச் சொல்றேன். மகுடீஸ்வரன். மகுடேசுன்னு கூப்பிடுவோம். எங்கூட்டுக்காரி பூங்கொடியோட தம்பி. அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க, இவதான் தூக்கி வளத்தா. கல்யாணமான கையோட அவனையும் கூட்டிக்கிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தா. எனக்கு இடுப்பு போனதுல இருந்து ரொப்பற வேலை பூரா அவந்தான். கம்பெனிகள்ல இருந்து காலி சிலிண்டரை எடுத்தாந்து, வேன்ல ஏத்தி, கோயமுத்தூர் போய் காஸ் ரொப்பிக் கொண்டாந்து எறக்குவான். வேற ஒருத்தனையும் கூட்டிக்கிட்டுப் போக மாட்டான். ஆளுக்கு எதுக்குக் கூலி குடுத்துக்கிட்டு மாமா, நானே ஏத்தி எறக்கிக்கறேம்பான். காசு அருமை தெரிஞ்ச பையன்.

பல்லடம் ரோட்டுல வீடு கட்டியிருக்கான் சார், நீங்க பாக்கோணும். மாடியில ஊஞ்சல், கீழ காருக்குன்னு தனியா ஷெட்டு. பால் காய்ச்சறதுக்கு எங்களுக்குத்தான் முதல் அழைப்பு. எப்படிடா மாப்ள இவ்வளவு பெருசா கட்டுனேன்னு கேட்டேன். எல்லாம் உங்க ஆசீர்வாதம் மாமான்னு கால்ல விழுந்தான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு. இந்தக் காலத்துல யாருங்க அப்படிச் சொல்றா?

இந்தப் பாலிசி போடறப்ப ஏஜெண்டு வந்து உக்காந்தான். சாமான்ல கை வெக்கற எல்லார் பேரும் வேணும், யாரு திருடுனாலும் ஈடு கிடைக்கும்னான். நான் ஒருத்தரை உடலை. டிரைவர், வாட்ச்மேன், வாசல் கூட்டற அம்மா வரைக்கும் சொன்னேன். அப்ப அவன் கேக்கறான், உங்க மச்சினர் பேருன்னு. எந்திரிச்சுட்டேன் நான். என்ற மச்சினனைத் திருடன் கணக்குல சேக்கச் சொல்றியாடான்னு கேட்டுட்டேன். அவன் பயந்து போய், இல்லீங்க, நீங்க அவரைப் பார்ட்னரா சேத்திருக்கீங்கல்ல, எப்படியும் அவருக்கு இது பொருந்தாது, பார்ட்னர் எடுத்தா உங்க வீட்டுல நீங்களே எடுத்த மாதிரி, பாலிசியில ஒண்ணும் வராதுன்னான். அதுதான் சரி. பார்ட்னராச் சேத்தது நாந்தான், அவன் கல்யாணத்துக்குச் சீரா. எங்க ஒறம்பரை சொந்தத்துல எவனும் மச்சினனுக்கு அப்படி ஒரு சீர் செஞ்சது கிடையாது. மேடையில வெச்சுச் சொன்னப்பப் பூங்கொடி அழுதுட்டா.

சரி, உட்ட எடத்துக்கு வர்றேன். நாலாவது, தராசு.

ஒரு நாளு ஸ்டோருக்குப் போறேன். இந்த முத்துப்பேச்சி பழைய பேப்பர்க்காரன் வெச்சிருப்பானே, கொக்கியில மாட்டித் தூக்கற தராசு, அதுல சிலிண்டரை மாட்டித் தூக்கிக்கிட்டு நிக்குது. மூச்சு வாங்குது. எங்கிருந்து வந்துது தராசுன்னேன். நானே வாங்கினேன் அண்ணாச்சின்னுச்சு. எதுக்குன்னேன். மகுடேசு அப்பத்தான் எறக்கிப்போட்டுப் போன சிலிண்டருங்களைக் காட்டி, இது லேசா இருக்கு அண்ணாச்சி, இதும் லேசா இருக்கு, ரொப்பி வந்த மாதிரித் தெரியலைன்னு சொல்லுது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. வந்து சேந்து ரெண்டு தீவாளி ஆகலை, என்ற தொழிலை எனக்கே சொல்லித் தருதுங்க.

சாயங்காலம் மகுடேசுகிட்டச் சொன்னேன். அவன் சிரிச்சான். அப்பறம் மெதுவாச் சொல்றான், மாமா, பழைய பேப்பர்க்காரன் தராசு ஒரு பொம்பளை கையில எதுக்கு மாமா, விக்கறவதான எடை போடுவான்னு. பாருங்க, எனக்கு அது தோணவே இல்லை. எத்தனை கூர்மை அவனுக்கு. பித்தளை வால்வு, நாசில் எல்லாம் ஸ்டோர்லதான கெடக்குது. அது ஸ்டோர்ல இருக்கற வரைக்கும் நான் வண்டி ஏற மாட்டேன் மாமான்னான். அவ்வளவு ரோசம். நாந்தான் சமாதானம் பண்ணேன்.

மக்கா நாளு முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, உன்ற சோலி ஸ்டிக்கர் ஒட்டி சீல் போடறதோட சரி, எடை போடற வேலை உனக்கில்லை, அந்தத் தராசைக் குப்பையில போடுன்னு சொன்னேன். லேசா இருக்கறதுக்கு நான் சீல் போட மாட்டேன் அண்ணாச்சின்னுச்சு. என் மூஞ்சிக்கு நேரா. போடறதுன்னா போடு, இல்லைன்னா இப்பவே கெளம்புன்னேன். அப்பறம் போய்ப் போட்டுச்சு. அதைத்தான் சொல்ல வர்றேன் சார். காங்கயம் ரோட்டுக் கம்பெனி சிலிண்டர்ல இருக்கற சீலு அதோட கை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?

என்ன சார், எழுதாம என்னையே பாக்கறீங்க? எழுதுங்க.

காஸை எப்படி எடுத்திருக்கும்னா? சோடாக் கடைக்கு வித்திருக்கும். வெல்டிங் பட்டறைக்கு வித்திருக்கும். ஆமாங்க, ஒரு சிலிண்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த மெசினு வேணும், என்கிட்ட அந்த மெசினு கிடையாது, அது கிட்டயும் கிடையாது. அதுதான் எனக்கும் பிடிபடலை. ரொம்ப சாமர்த்தியசாலி. போலீஸ் கேக்கற விதத்துல கேட்டா சொல்லிரும்.

மறுபடி அதையே கேக்கறீங்க. கோயமுத்தூருக்கு யாரு கொண்டு போறாங்கன்னு. மகுடேசுதான், மகுடேசு மட்டுந்தான். இதோட மூணு தடவை கேட்டுட்டீங்க. உங்க மேல எனக்கே இப்பச் சந்தேகம் வருது. எங்க மேல ஆகாதவன் எவனாச்சும் உங்ககிட்ட ஏதாச்சும் ஓதியிருக்கானா? இந்தத் தொழில்ல போட்டி அதிகமுங்க. பெருமாநல்லூர்ல ஒருத்தன் இருக்கான், என்ற போர்டைப் பாத்தாலே வயிறு எரியறவன்.

மகுடேசுவே வந்து உங்களுக்கு எல்லாம் வெளக்கிச் சொல்லியிருப்பான். சர்வேயர் வர்றாருடா, பத்து மணிக்கு வந்துருன்னு நேத்தே சொன்னேன். வந்தர்றேன் மாமான்னான். காலையில இருந்து போனு சுச்சாப்னு வருது. சார்ஜ் போயிருக்கும். ரோட்டுல எங்காச்சும் வேன் நின்னிருக்கும். பாவம், காலையில டிபன் கூடத் தின்னிருக்க மாட்டான். அவன் பொண்டாட்டி போனுமா? அதுவும் எடுக்கலை. ரெண்டு பேரும் ஒண்ணா கோயிலுக்குப் போயிருப்பாங்க. நான் மாட்டி முழிக்கறேன்னு கொடுமுடிக்கு வேண்டியிருக்கான், அப்படிப்பட்டவன்.

அவன் எவ்வளவு சிக்கனம்னு ஒண்ணு சொல்றேன், அப்பறம் நீங்களே முடிவு பண்ணிக்குங்க. எங்க கம்பெனியில ஒரு வழக்கம் இருக்குது. எல்லா எடத்துலயும் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் ஒடைப்பாங்க. நாங்க தீ மூட்டுவோம். வாசல்ல பெரிய இரும்புச் சட்டி வெச்சு, டீசல் ஊத்திப் பத்த வெச்சு, அந்த வருஷம் கடைசியா ரொப்பி வந்த சிலிண்டரை நான் எடுத்து, அண்ணமாரைக் கும்பிட்டு, ஒரே அடி. தீ அப்படியே அமுங்கும். வெள்ளைப் புகை வாசல் பூரா பரவும். அக்கம் பக்கத்துக் குழந்தைகளெல்லாம் அதைப் பாக்கவே வரும். நம்ம சாமான் நல்ல சாமான்னு நாம சாமிக்குக் காட்டறது அது. ஆரம்பிச்ச வருஷத்துல இருந்து நின்னது கிடையாது.

மகுடேசு பொறுப்பெடுத்த வருஷம் சொன்னான், எதுக்கு மாமா ஒரு சிலிண்டர் காஸை வீணாக்கறோம், எல்லாரையும் போலப் பூசணிக்காய் ஒடைப்போம்னு. எனக்கு மொதல்ல மனசே வரலை. அப்பறம் யோசிச்சேன். நாம சம்பாரிச்சதைக் கட்டிக் காக்கற பையன் சொல்றான், கேப்போம்னு. இப்பப் பூசணிக்காய்தான். குழந்தைகள் வர்றதில்லை.

ஆனா சிலிண்டருக்குப் பூஜை மட்டும் உடலை. அதோ, உங்க தலைக்கு மேல செவுத்துல தொங்குது பாருங்க. சந்தனம், குங்குமம் எல்லாம் அப்படியே இருக்குது. போன ஆயுத பூஜைக்கு ரொப்பிக் கொண்டாந்தது. மகுடேசே அவன் கையால மாட்டுனான். இது நம்ம ஆபீசுக்கு மாமா, ஸ்பெசலா ரொப்பியிருக்கேன்னான். அன்னைக்கு மாட்டுனது, ஒருத்தர் தொடலை. முத்துப்பேச்சி கையும் படலை, இது ஸ்டோர் பக்கமே போகலை. வேன்ல இருந்து நேரா செவுத்துக்கு.

என்ன சார் எந்திரிச்சுட்டீங்க?

அதைப் பாக்கோணுமா? பாருங்க, தாராளமா. அட, நீங்க எதுக்குச் சார், நானே எடுக்கறேன். உங்களுக்கு எங்க தெரியும், இதெல்லாம் கையில பழகியிருக்கோணும். அவன் இருந்தா உட மாட்டான். இன்னைக்கு அவன் இல்லை, ஒரே ஒரு தடவை தூக்கிக் காட்டறேன். ரொப்புன சிலிண்டர்னா எப்படி இழுக்கும்னு பாருங்க, அப்பத்தான் அந்தப் பொம்பளை பண்ணுன காரியம் உங்களுக்குப் புரியும். நவுருங்க. இப்படி அடியில ஒரு கை, கழுத்துல ஒரு கை. ஆ, இடுப்பு.

இருங்க.

புடி சரியா விழுகலை. கீழ வெச்சுட்டு இன்னொரு தடவை தூக்கறேன்.

சித்தெ பேசாம இருங்க சார். ஆட்டிப் பாக்கறேன்.

இடுப்பு வலிக்கலீங்க. நான் சொன்னனில்லீங்க, அடியில இருந்து இழுக்கும்னு. ஒண்ணும் இழுக்கலை. இடுப்பு சரியாயிருச்சு போல. பூங்கொடி ஒரு தைலம் வாங்கியாந்து தேச்சு உட்டுக்கிட்டு இருந்தா, அது வேலை செஞ்சிருக்குது. நல்ல தைலம் சார் அது. உங்களுக்கு வேணும்னா பேர் எழுதித் தர்றேன்.

யாரு, பூங்கொடியா? டீயை அங்கயே வெச்சுட்டுப் போ அம்மணி. ஒண்ணுமில்லை, சாருக்குச் சிலிண்டர் காட்டிக்கிட்டு இருக்கேன். இல்லை, கனமா இல்லை, நீ போ. தம்பி பேசுனானா? பேசலையா. அவன் பொண்டாட்டி? சரி. சரி, ஒண்ணுமில்லை, வந்துருவான். நீ எதுக்கு மூஞ்சியை அப்படி வெச்சுக்கறே? கதவைச் சாத்திட்டுப் போ.

டீ ஆறிரும், குடிங்க சார்.

அவ சாப்பாடு ஊட்டி வளத்தவன் சார். எங்க கல்யாணத்தன்னைக்குப் பந்தியில என் பக்கத்துல உக்காந்து என்ற எலையில இருந்து ஜாங்கிரி எடுத்துத் தின்னவன்.

நீங்க ஏதாச்சும் கேளுங்க. இத்தனை நேரம் கேட்டுக்கிட்டே இருந்தீங்களே.

பார்ட்னருக்குப் பொருந்தாதுன்னு பாலிசியில நெசமாவே இருக்குதுங்களா? ஏஜெண்டு சொன்னதுதான், நான் படிச்சுப் பாக்கலை. இல்லை, சும்மா கேட்டேன். அப்ப ஊருக்கும் கோர்ட்டுக்கும் நாந்தான் மோசக்காரன்னு ஆகுமில்லீங்க. என்ற போர்டு போயிரும். பூங்கொடி என்கிட்டப் பேசுவாளான்னு தெரியலை. அந்த எலக்ட்ரீசியன் பையன் கை... சார், ஒண்ணு சொல்றேன், கேளுங்க. முத்துப்பேச்சி பேரை எழுதுனீங்கன்னா ஒருத்தரோட போயிரும். அதுக்கு ஊர்ல சொந்தக்காரங்க இருப்பாங்க. புள்ளைங்க படிப்பை நான் பாத்துக்கறேன். அண்ணமார் மேல சத்தியமா பாத்துக்கறேன். நீங்க எழுத வந்ததை எழுதிக்கிட்டுப் போயிருங்க.

பேனாவை ஏன் மூடறீங்க?

கதவை எதுக்குத் தொறக்கறீங்க? சார், அதைக் கூப்பிடாதீங்க. நான் உள்ள உட வேண்டாம்னு சொல்லியிருக்கேன். சார்.

வா முத்துப்பேச்சி. வந்துட்டயா. வாட்ச்மேன் ஏன் உன்னை உட்டான்? அந்தப் பையைக் கீழ வெக்கலாமில்லை, காலையில இருந்து சொமந்துக்கிட்டே இருக்கறே. தண்ணி குடிச்சயா? சார், இது என்னைப் பாக்கவே மாட்டேங்குது பாருங்க. பையை அவுக்குது. நான் அப்பவே நினைச்சேன். தராசு. நான் குப்பையில போடச் சொன்ன தராசை எடுத்து வெச்சிருந்திருக்குது சார், இத்தனை நாளா.

என்ன முத்துப்பேச்சி? சிலிண்டரைக் குடுங்க அண்ணாச்சிங்கறே? எதுக்கு? நான் வெச்சிருக்கேன், எனக்கு ஒண்ணும் சிரமமில்லை. நான் கட்டிப் புடிச்சுக்கிட்டே நிக்கறேன்.

நீங்க எதுக்குச் சார் கையை நீட்டறீங்க? வேண்டாம். வேண்டாமுங்க. நீங்க தூக்காதீங்க. நல்ல கனம், இடுப்பு போயிரும்.